விண்டோஸ் இயங்குதளத்தில் நிர்வாகி உரிமை: ஒரு திறனாய்வு

விண்டோஸ் இயங்குதளத்தில் நிர்வாகி உரிமை என்பது ஒரு பயனர் கணக்குக்கு அளிக்கப்படும் முழு அதிகாரம் ஆகும். மென்பொருள்களை நிறுவுதல், நீக்குதல், கணினியின் அமைப்புகளை மாற்றுதல், பிற பயனர்களின் கோப்புகளைத் திறத்தல், பாதுகாப்பு ஏற்பாடுகளை இயக்குதல் அல்லது நிறுத்துதல் ஆகியவை இந்த அதிகாரத்துள் அடங்கும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 வரை, இந்த அதிகாரம் யாரிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் முடிவைப் பலமுறை மாற்றிக்கொண்டுள்ளது. அந்த மாற்றங்களை வீட்டில் கணினி வைத்திருக்கும் சாதாரணப் பயனரின் நிலையிலிருந்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இந்த இருபது ஆண்டுகளில் விண்டோஸின் பாதுகாப்பு கூடியுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் கணினியின் உரிமையாளருக்குக் காரணத்தை விளக்கி, அவரே முடிவெடுக்கத் துணைசெய்யும் பணி ஏறக்குறைய எல்லாப் பதிப்புகளிலும் விடுபட்டுள்ளது. தொடக்கத்தில் விளக்கம் இல்லாமல் எல்லா அதிகாரமும் பயனரிடம் தரப்பட்டது. பின்னர் விளக்கம் இல்லாமல் கேள்விகள் கேட்கப்பட்டன. இப்போது விளக்கம் இல்லாமலே முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

== நிர்வாகியும் சாதாரணப் பயனரும் ==

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறை, ஆய்வகம், நூலகம் ஆகிய அனைத்துக்குமான சாவிக்கொத்து ஒருவர் பொறுப்பில் இருக்கும். மாணவர்களுக்குத் தங்கள் வகுப்பறையில் உட்கார உரிமை உண்டு, ஆய்வகப் பூட்டைத் திறக்க உரிமை இல்லை. இது மாணவர்மீது உள்ள அவநம்பிக்கை அன்று. ஒரு மாணவர் தவறு செய்தாலும் அதன் விளைவு அவருடைய மேசையோடு நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

கணினியிலும் இதே முறைதான். ஒருவர் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அவருடைய கணக்குக்கு உள்ள உரிமையோடு இயங்குகிறது. சாதாரணக் கணக்கில் இருப்பவர் தெரியாமல் ஒரு தீநிரலைத் திறந்துவிட்டால், அந்தத் தீநிரலுக்கும் சாதாரண உரிமை மட்டுமே கிடைக்கும். அவருடைய சொந்தக் கோப்புகளை அது கெடுக்கலாம். ஆனால் இயங்குதளத்தின் உள்ளே வேரூன்றுவதும், அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவர்களின் கோப்புகளைத் தொடுவதும் அதற்குக் கடினம். நிர்வாகி கணக்கில் இருப்பவர் அதே தீநிரலைத் திறந்தால் சாவிக்கொத்து முழுவதும் அதன் கைக்குப் போய்விடுகிறது.

இந்தப் பிரிவினை விண்டோஸுக்குப் புதியது அன்று. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று தனித்தனியே உரிமை வகுக்கும் வசதி இருந்தது. ஆனால் வீடுகளுக்கு விற்கப்பட்ட விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் இத்தகைய பிரிவினை இல்லை. விண்டோஸ் 98 கடவுச்சொல் கேட்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். வீட்டுக் கணினி ஒருவருடைய பொருள், அதற்குப் பூட்டு எதற்கு என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்தது. இணையம் வீடுகளுக்குள் வந்தபோது அந்த எண்ணம் செல்லாததாயிற்று.

== எக்ஸ்பி: அனைவருக்கும் சாவிக்கொத்து ==

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்தது. என்.டி.யின் உறுதியான அடித்தளம் முதன்முறையாக வீட்டுப் பயனருக்குக் கிடைத்தது இதில்தான். உரிமைப் பிரிவினைக்கான எல்லா வசதிகளும் உள்ளே இருந்தன. ஆயினும் நிறுவும்போது உருவாக்கப்படும் பயனர் கணக்குகள் அனைத்தும் நிர்வாகி கணக்குகளாகவே அமைந்தன. கடவுச்சொல் கட்டாயம் இல்லை. எக்ஸ்பி ஹோம் பதிப்பில், பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கும்போது மட்டும் தெரியும் உள்ளமைந்த நிர்வாகி கணக்கு ஒன்றும் இருந்தது. அதற்கும் தொடக்கத்தில் கடவுச்சொல் கிடையாது.

வரையறுக்கப்பட்ட கணக்கு என்ற ஒன்று எக்ஸ்பியில் இருந்தது. அதைப் பயன்படுத்த முயன்றவர்கள் விரைவிலேயே கைவிட்டனர். அக்கால மென்பொருள்களில் பல, தம் அமைப்புகளை இயங்குதளத்தின் பொதுக் கோப்புறைகளிலும் பதிவகத்தின் பொதுப்பகுதியிலும் எழுதின. சாதாரணக் கணக்குக்கு அங்கே எழுத உரிமை இல்லாததால் அவை இயங்க மறுத்தன. ஒரு விளையாட்டையோ கணக்குப்பதிவு மென்பொருளையோ இயக்குவதற்காகவே நிர்வாகி கணக்கில் இருக்க வேண்டிய நிலை வந்தது. எல்லாரும் நிர்வாகியாக இருந்ததால் மென்பொருளாளர்கள் தம் பழக்கத்தை மாற்றவில்லை. அவர்கள் மாற்றாததால் எல்லாரும் நிர்வாகியாகவே இருக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பொறுப்பு முதன்மையாக மைக்ரோசாஃப்டுடையதே. பயனர் பெரும்பாலும் வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே கணினியைப் பயன்படுத்துகிறார். ஆகவே வாங்கும்போது உள்ள நிலை, அதாவது இயல்பமைப்பு, ஒரு நிறுவனம் பயனருக்காக எடுக்கும் மிகப் பெரிய முடிவு. எக்ஸ்பியில் அந்த முடிவு பழைய மென்பொருள்கள் தடையின்றி ஓட வேண்டும் என்ற வணிகத் தேவைக்காக எடுக்கப்பட்டது.

== இரண்டு புழுக்களும் ஒரு பாடமும் ==

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு பரவியது. இணையத்தில் இணைந்திருந்த எக்ஸ்பி கணினிகளில் அறுபது நொடிகளில் கணினி அணையப் போகிறது என்ற அறிவிப்பு தோன்றி, கணினி மீண்டும் மீண்டும் தொடங்கியது. 2004 மே மாதத் தொடக்கத்தில் சாசர் என்ற புழு அதேபோலப் பரவியது. இரண்டுக்கும் உரிய பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் சில வாரங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. பலர் அவற்றை நிறுவவில்லை.

இந்தப் புழுக்கள் பரவப் பயனர் எதையும் திறக்க வேண்டியதில்லை. அவர் நிர்வாகியா, சாதாரணப் பயனரா என்பதும் பொருட்டில்லை. பின்னணியில் இயங்கிய பிணையச் சேவைகளின் குறை வழியாக அவை நுழைந்தன. அவற்றைத் தடுக்கக்கூடிய ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் எக்ஸ்பியில் முதலிலிருந்தே இருந்தது. ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு, தீச்சுவரை இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. வெளியிலிருந்து தானாக நுழையும் புழுக்களுக்குக் கதவு பெருமளவு அடைபட்டது. பயனர் எந்தக் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுப் பயனரின் நோக்கில், விண்டோஸ் வரலாற்றில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த பாதுகாப்பு முடிவுகளுள் இது ஒன்று. தேவையற்றதை இயல்பாகவே மூடி வைத்து, தேவைப்படுபவர் தேடித் திறந்துகொள்ளலாம் என்ற கொள்கை இதில் சரியாகப் பின்பற்றப்பட்டது.

இதே கொள்கை வேறோர் இடத்தில் தாமதமானதால் ஏற்பட்ட இழப்பும் சொல்லத்தக்கது. யு.எஸ்.பி. நினைவகத்தைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தொடங்க வழிசெய்யும் ஆட்டோரன் வசதியைத் தீநிரல்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திக்கொண்டன. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் புழுவும் பரவக் கையாண்ட வழிகளுள் இது ஒன்று. விண்டோஸ் 7இல் இவ்வசதி யு.எஸ்.பி. நினைவகங்களுக்கு நிறுத்தப்பட்டது. எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு இம்மாற்றம் தானியங்கி இற்றைப்படுத்தல் வழியாக 2011இல்தான் பரவலாகச் சென்றது. அதற்குள் அச்சகத்துக்கும் இணைய மையத்துக்கும் நினைவகத்தைக் கொண்டுபோய் வந்த எத்தனையோ பேர் கோப்புகளை இழந்திருந்தனர்.

== விஸ்டா: கேள்வி கேட்கும் இயங்குதளம் ==

2007 ஜனவரி 30 அன்று பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதன்படி நிர்வாகி கணக்கில் இருப்பவரும் அன்றாடம் சாதாரண உரிமையோடுதான் இயங்குவார். நிர்வாகி உரிமை தேவைப்படும்போது திரை மங்கி, அனுமதி கேட்கும் பெட்டி ஒன்று தோன்றும். அனுமதித்தால் அந்த ஒரு செயலுக்கு மட்டும் முழு உரிமை கிடைக்கும். சாவிக்கொத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் எடுப்பதைப் போன்றது இது. கொள்கையளவில் இதில் குறை சொல்ல ஏதும் இல்லை.

பழைய மென்பொருள்களின் சிக்கலையும் விஸ்டா திறமையாகக் கையாண்டது. அவை பொதுக் கோப்புறையில் எழுத முயன்றால், பயனருக்கே உரிய தனி இடத்துக்கு அந்த எழுத்து திருப்பிவிடப்பட்டது. மென்பொருள் தன் பழைய பழக்கத்திலேயே இருக்க, கணினி பாதுகாப்பாக இருந்தது.

குறை நடைமுறையில் இருந்தது. அனுமதிப் பெட்டி அளவுக்கு மிஞ்சித் தோன்றியது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு கோப்புறையை உருவாக்கிப் பெயரிடும் சிறு வேலைக்கே முதல் வெளியீட்டில் நான்கு முறை வரை கேள்வி வந்தது. முதல் சேவைத் தொகுப்பில் அது ஒன்றாகக் குறைக்கப்பட்டது. கேள்வி எழுப்புவது மென்பொருளாளர்களை நெருக்குவதற்கும்தான் என்பதை மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பிரிவு மேலாளர் டேவிட் கிராஸ் 2008இல் ஒரு மாநாட்டில் வெளிப்படையாகவே கூறினார். பயனர் எரிச்சலடைந்தால் மென்பொருளாளரிடம் முறையிடுவார், அவர் தம் மென்பொருளைத் திருத்துவார் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு பகுதி பலித்தது. நிர்வாகி உரிமை கேட்கும் மென்பொருள்கள் குறைந்தன. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் பயனர். ஒரு நாளைக்குப் பல முறை அனுமதி கொடுத்துப் பழகிய கை, கேள்வியைப் படிப்பதை நிறுத்திவிட்டது. பலர் இந்த ஏற்பாட்டையே அணைத்து வைத்தனர். வகுப்பில் ஒவ்வொரு சிறு சத்தத்துக்கும் அதட்டும் ஆசிரியரின் குரல், உண்மையில் ஆபத்து வரும்போது மாணவர் காதில் ஏறாது. விஸ்டாவுக்கு நேர்ந்ததும் அதுதான்.

கேள்வியின் உள்ளடக்கமும் குறையுடையது. ஒரு நிரலின் பெயரும் வெளியீட்டாளர் பெயரும் காட்டப்பட்டன. அந்த நிரல் எதை மாற்றப் போகிறது, ஏன் நிர்வாகி உரிமை கேட்கிறது, மறுத்தால் என்ன ஆகும் என்பவை சொல்லப்படவில்லை. விடையறிய வழி தராத வினாவுக்கு மாணவர் ஊகித்துத்தான் விடை எழுதுவார். தமிழ் பேசும் பயனருக்கு இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸுக்குத் தமிழ் இடைமுகத் தொகுப்பு எக்ஸ்பி காலத்திலிருந்தே கிடைத்துவந்தது. ஆயினும் அது அடிக்கடி பயன்படும் பகுதிகளையே தமிழாக்கியது. ஆழமான அமைப்புகள் பல ஆங்கிலத்திலேயே இருந்தன. பெரும்பாலான கணினிகள் ஆங்கில இடைமுகத்தோடுதான் விற்கப்பட்டன. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மொழியும் புரியாமல், பொருளும் விளங்காமல் ஆம் என்று அழுத்தியவரைக் குறை சொல்ல இயலாது.

== விண்டோஸ் 7: சமரசத்தின் விலை ==

2009 அக்டோபர் 22 அன்று வெளிவந்த விண்டோஸ் 7, கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. நான்கு நிலைகள் கொண்ட ஒரு நகர்த்தி அமைக்கப்பட்டது. இயல்பான நிலையில், விண்டோஸின் சொந்த நிரல்கள் பல கேள்வியே இல்லாமல் நிர்வாகி உரிமை பெற்றன. பயனர்கள் இதை வரவேற்றனர்.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. விண்டோஸ் 7 சோதனைப் பதிப்பாக இருந்தபோதே, விசைகளை அழுத்துவதுபோல நடிக்கும் ஒரு சிறு நிரல் இந்தக் கட்டுப்பாட்டை ஓசையின்றி அணைக்க முடியும் என்று செய்துகாட்டப்பட்டது. அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. ஆனால் கேள்வியின்றி உரிமை பெறும் விண்டோஸ் நிரல்களின் முதுகில் ஏறித் தீநிரலும் உள்ளே போகலாம் என்ற அடிப்படைக் குறை நீடித்தது. பயனர் கணக்குக் கட்டுப்பாடு ஒரு பாதுகாப்பு எல்லை அன்று, ஒரு வசதி மட்டுமே என்பது மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடாக இருந்தது.

இது நேர்மையான தொழில்நுட்ப விளக்கம்தான். ஆனால் திரையை மங்கச்செய்து, கேடயச் சின்னத்தோடு எச்சரிக்கும் ஒரு பெட்டியைப் பார்ப்பவர் அதைப் பாதுகாப்பு எல்லை என்றே எடுத்துக்கொள்வார். நிறுவனம் வல்லுநர்களுக்குச் சொன்னதும் திரையில் பயனருக்குக் காட்டியதும் ஒன்றாக இல்லை. அன்றாட வேலைக்குத் தனியே ஒரு சாதாரணக் கணக்கு வைத்துக்கொள்வதே வலுவான பாதுகாப்பு என்பதை வல்லுநர்கள் அறிந்திருந்தனர். கணினியை முதன்முறை தொடங்கும்போது அந்த யோசனையைப் பயனருக்குச் சொல்ல ஒரு திரை போதும். அந்தத் திரை இன்றுவரை இல்லை. முதல் கணக்கு இன்றும் நிர்வாகி கணக்காகவே உருவாகிறது.

2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், நிர்வாகி பாதுகாப்பு என்ற புதிய ஏற்பாட்டை விண்டோஸ் 11க்கு அறிவித்தது. நிர்வாகிச் செயல்கள் தனியான மறைவுக் கணக்கு ஒன்றில் நடக்கும், ஒவ்வொரு முறையும் பயனர் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், இது உண்மையான பாதுகாப்பு எல்லையாகக் கருதப்படும் என்பன அதன் கூறுகள். விஸ்டாவில் தொடங்கிய பணி முழுமையடைய ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று.

== விண்டோஸ் 10: முடிவு கைமாறுகிறது ==

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10இல் நிலைமை வேறு திசையில் திரும்பியது. அதுவரை இற்றைப்படுத்தல்களை நிறுவலாமா என்பதைப் பயனர் முடிவுசெய்தார். விண்டோஸ் 10 ஹோம் பதிப்பில் அவை தாமாகவே நிறுவப்பட்டன. ஒத்திவைக்கும் வசதி ப்ரோ முதலிய உயர் பதிப்புகளுக்கே இருந்தது.

இந்த முடிவுக்கு வலுவான காரணம் உண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல், பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அது பயன்படுத்திய குறைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகளே பெருமளவு பாதிக்கப்பட்டன. தானாக இற்றைப்படுத்தப்பட்ட கணினிகள் தப்பின. ஒருவர் தம் கணினியை இற்றைப்படுத்தாமல் விடுவது அவரோடு நிற்பதில்லை, அடுத்தவருக்கும் நோய் பரப்புகிறது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2018 அக்டோபரில் வெளிவந்த பெரிய இற்றைப்படுத்தல் ஒன்று, சில பயனர்களின் ஆவணக் கோப்புறையில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துத் திருத்தியது. ஒத்திவைக்க முடியாத நிலையில் உள்ள ஒருவருக்கு, நிறுவனத்தின் பிழை நேரடியாக இழப்பாகிறது. 2019இல்தான் ஹோம் பயனர்களும் இற்றைப்படுத்தலை 35 நாள் வரை நிறுத்திவைக்கும் வசதியைப் பெற்றனர். பாதுகாப்புத் திருத்தங்களையும் புதிய வசதிகளையும் தெளிவாகப் பிரித்து, முன்னதைத் தானாகவும் பின்னதைக் கேட்டும் நிறுவியிருந்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி எழுந்திருக்காது.

கணினியின் பயன்பாட்டுத் தகவல்களை நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் இதே பதிப்பில் பெரிய சர்ச்சையானது. ஹோம், ப்ரோ பதிப்புகளில் அதைக் குறைக்க முடிந்ததே தவிர, முற்றிலும் நிறுத்த அமைப்பு எதுவும் தரப்படவில்லை. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில், தேவைக்கு மிஞ்சித் தகவல் திரட்டப்படுகிறது என்று மைக்ரோசாஃப்டுக்கு முறையான அறிவிக்கை அனுப்பியது. நிறுவனம் மாற்றங்கள் செய்தபின் 2017இல் அது முடித்துவைக்கப்பட்டது. தனி ஒரு பயனரின் முறையீட்டால் நடக்காதது ஓர் அரசு அமைப்பின் கடிதத்தால் நடந்தது.

== விண்டோஸ் 11: சாவி எங்கே இருக்கிறது? ==

2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11, பாதுகாப்பை வன்பொருளோடு பிணைத்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி தொடங்கும்போதே நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியும் தேவை என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. தொழில்நுட்ப நோக்கில் இவை நல்ல ஏற்பாடுகள். இயங்குதளம் விழிக்கும் முன்பே உள்ளே நுழைந்துவிடும் தீநிரல்களை இவை கடினமாக்குகின்றன.

ஆனால் 2017க்கு முந்தைய செயலிகளைக் கொண்ட பெரும்பாலான கணினிகள் இந்தத் தகுதிப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிநபர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி, பாதுகாப்பின் பெயரால் பாதுகாப்பற்றதாக அறிவிக்கப்படும் முரண் இங்கே எழுகிறது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளுக்கு உரியவை அனைத்தும் இந்தத் தகுதிக் கோட்டுக்குக் கீழேதான் உள்ளன. ஒரு வீட்டில் அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்து இன்னும் ஓடும் மடிக்கணினிக்கு, புதியது வாங்குங்கள் என்பது விடையாகாது.

வட்டைக் குறியாக்கம் செய்யும் ஏற்பாட்டில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து தொடங்கப்படும் தகுதியுள்ள கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. 2024இன் 24எச்2 பதிப்பிலிருந்து இதற்குத் தகுதிபெறும் கணினிகள் மேலும் கூடின. கணினி திருடுபோனால் உள்ளே உள்ள தகவல் திருடனுக்குக் கிடைக்காது. இது பெரிய நன்மை. ஆனால் தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ சில அமைப்புகள் மாறினாலோ, 48 இலக்க மீட்புச் சாவியை இயங்குதளம் கேட்கும். அந்தச் சாவி பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

கணினி வாங்கிய அன்று கடைக்காரரோ உறவினரோ அவசரத்தில் உருவாக்கித் தந்த மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் மூன்று ஆண்டுகள் கழித்து எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? வட்டு பூட்டப்பட்டுள்ளது என்பதே தெரியாதவருக்கு, அதற்கு ஒரு சாவி உண்டு என்பதும் தெரியாது. அந்தக் கணக்கை மீட்க முடியாவிட்டால் குழந்தைகளின் படங்களும் சான்றிதழ் நகல்களும் அந்த வட்டோடு போய்விடும். திருடனைத் தடுக்க வைத்த பூட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்துகிறது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று தொடக்கத்திலேயே கட்டாயமாகச் சொல்லும் ஒரு திரை இருந்தால் இந்த இழப்புகளில் பல நேராது.

ஹோம் பதிப்பை நிறுவ இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும் என்ற நிபந்தனையும் 2021இலிருந்தே உள்ளது. 2022இல் அது தனிநபர் பயன்பாட்டுக்கான ப்ரோ பதிப்புக்கும் நீட்டிக்கப்பட்டது. நிறுவிய பின் உள்ளூர்க் கணக்குக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் உள்ளது.

== தனிப்பயனாக்கமும் பதிப்பு வேறுபாடும் ==

கணினியைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வதும் நிர்வாகத்தின் ஒரு பகுதியே. விண்டோஸ் 11 வெளிவந்தபோது, அதற்கு முந்தைய பதிப்புகளில் திரையின் எந்த ஓரத்துக்கும் நகர்த்த முடிந்த பணிப்பட்டை கீழேயே நிலைநிறுத்தப்பட்டது. இயல்பு உலாவியை மாற்ற ஒவ்வொரு கோப்பு வகையாக மாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்புக்குப் பின் 2022இல் அது ஒரே பொத்தானாக எளிதாக்கப்பட்டது. பழைய கட்டுப்பாட்டுப் பலகமும் புதிய அமைப்புகள் செயலியும் 2012இன் விண்டோஸ் 8 முதல் அருகருகே இருந்துவருகின்றன. ஒரே வேலையின் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் கிடக்கின்றன.

இதைவிடப் பெரிய குறை பதிப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு. கணினியின் நடத்தையை ஒரே இடத்திலிருந்து நுணுக்கமாக வரையறுக்கும் குழுக் கொள்கைத் திருத்தி, ஹோம் பதிப்பில் தரப்படுவதில்லை. வட்டுக் குறியாக்கத்தை முழுமையாக நிர்வகிக்கும் கருவியும் அவ்வாறே. வீடுகளுக்கென விற்கப்படும் கணினிகள் பெரும்பாலும் ஹோம் பதிப்போடு வருகின்றன. நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குக் கிடைக்கும் கட்டுப்பாடு, தம் பணத்தில் கணினி வாங்கிய வீட்டுக்காரருக்குக் கிடைப்பதில்லை. நிர்வாகி என்ற பெயர் இருவருக்கும் ஒன்றே.

== லினக்ஸுடன் ஓர் ஒப்பீடு ==

லினக்ஸ் இயங்குதளங்களில் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கு, அன்றாடக் கணக்கிலிருந்து தொடக்கம் முதலே பிரிந்திருந்தது. 2004 அக்டோபரில் வெளிவந்த உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டப்பட்டே தரப்பட்டது. தேவைப்படும்போது பயனர் தம் கடவுச்சொல்லை இட்டு சுடோ என்ற கட்டளை வழியே அந்த உரிமையைப் பெறுவார். மென்பொருளாளர்கள் தொடக்கத்திலிருந்தே இந்தப் பிரிவினைக்கு ஏற்ப எழுதியதால் கேள்விகள் குறைவு.

ஆனால் லினக்ஸை எல்லாவற்றுக்கும் விடையாகக் காட்டுவதும் சரியன்று. அங்கே பயனருக்கு அதிகாரம் முழுமையாக உண்டு, விளக்கம் அங்கும் குறைவே. இணையத்தில் கண்ட கட்டளையைப் பொருள் புரியாமல் சுடோவுடன் ஒட்டி இயக்குபவர், எக்ஸ்பி காலத்துப் பயனரின் நிலையில்தான் இருக்கிறார். விலையில்லா மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்த்து நிறுவப்பட்டு வழங்கப்பட்டது. கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைக் கையாளக் கற்றுத்தருவதும் அதே அளவு தேவை என்பதை இத்தகைய திட்டங்கள் நினைவூட்டுகின்றன.

== மதிப்பீடு ==

மேற்கண்ட வரலாற்றில் வெற்றிபெற்ற ஏற்பாடுகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இயல்பாகவே இயங்கிய தீச்சுவர், நிறுத்தப்பட்ட ஆட்டோரன், பழைய மென்பொருளின் எழுத்தை ஓசையின்றித் திருப்பிவிட்ட முறை, தானாக வரும் பாதுகாப்புத் திருத்தம் ஆகியவை பயனரைத் தொந்தரவு செய்யாமல் அவரைக் காத்தன. அவை பயனரிடமிருந்து அவருக்கு வேண்டிய எதையும் பறிக்கவும் இல்லை.

தோல்வியடைந்தவை இரு வகை. பயனரால் விடைசொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுப் பொறுப்பை அவர்மீது ஏற்றியவை ஒரு வகை. பயனருக்குத் தெரியாமலே முடிவெடுத்து, விளைவை மட்டும் அவரிடம் விட்டவை மற்றொரு வகை. விஸ்டாவின் அனுமதிப் பெட்டி முதல் வகை. மீட்புச் சாவி பற்றிச் சொல்லாத குறியாக்கம் இரண்டாம் வகை.

பெரும்பாலான பயனர்கள் அமைப்புகளைப் பற்றி அறிய விரும்புவதில்லை, ஆகவே நிறுவனமே முடிவெடுப்பது நல்லது என்ற வாதம் பொதுவாக முன்வைக்கப்படுகிறது. இதில் உண்மை உண்டு. ஆனால் அறிய விரும்பாமையும் அறிய வாய்ப்பு இல்லாமையும் வேறுவேறு. இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தெளிவான விளக்கம் தந்து பார்க்காத நிறுவனம், பயனர் கற்கமாட்டார் என்று முடிவுசெய்வது பாடம் நடத்தாமல் தேர்வு வைப்பதற்குச் சமம்.

அதுவரை பயனர் தம் அளவில் செய்யத்தக்கவை சில உள்ளன. அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றையும், நிறுவல் வேலைகளுக்கு மட்டும் கடவுச்சொல்லுடன் தனி நிர்வாகி கணக்கு ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்த்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டின் பிற ஆவணங்களோடு வைக்கலாம். முக்கியமான கோப்புகளின் படி ஒன்றைக் கணினிக்கு வெளியே வைத்திருக்கலாம். விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற பழைய கணினியில், இன்றும் பாதுகாப்புத் திருத்தம் பெறும் ஒரு லினக்ஸ் வழங்கலை நிறுவி அதன் ஆயுளை நீட்டிக்கலாம். இவற்றுள் எதற்கும் கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை. இவை எதையும் கணினிப் பெட்டியோடு வரும் தாள் சொல்வதில்லை என்பதே விண்டோஸ் மீதான குறைகளுள் முதன்மையானது.